வீட்டில் வேறு யார்

இப்போதெல்லாம் அருவிக்கு வருகிறவன் எவனும் குளிப்பதற்காக வருவதில்லை. செல்போனை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று பல்லை இளிக்கிறான். எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தால் ஐந்து நிமிஷம் பொறுமை கிடையாது. அப்பன் வயசுக்காரனைப் பார்த்து 'ப்ரோ' என்கிறான். நாலு பேராக வருகிறான்கள், ஒன்றுமே இல்லாததற்கு நாலு பேரும் சிரிக்கிறான்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே சொரிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குற்றாலம் பெரிய அருவிக்கரையில் முப்பத்தைந்து சீசனாக எண்ணெய் தேய்க்கிறவர் அவர். அறுபத்தாறு வயது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ஒருத்தன் தலையில் கையை வைத்தால் அவன் நேற்று குடித்தானா, சர்க்கரை இருக்கிறதா, பெண்டாட்டியோடு சண்டையா என்று சொல்லிவிடுவார். கஞ்சா இழுக்கிறவன் தலை தனி. உச்சி கொதிக்கும். பிடரி நரம்பு வாழைத்தண்டு மாதிரித் துவண்டு கிடக்கும். கண் சிவந்து பாதி மூடியிருக்கும். தேய்த்து முடிப்பதற்குள் பஜ்ஜிக் கடை எங்கே என்று கேட்பான். அப்படிப்பட்டவனைப் பலகையிலிருந்து எழுப்பி அனுப்பிவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு தலை கூட அவரை ஏமாற்றியதில்லை என்பது அவர் எண்ணம். அத்தனையும் ஆண்பிள்ளைத் தலை. பெண்கள் குளிக்கிற பக்கம் வேறு. அங்கே அவருக்கு ஜோலி இல்லை.

மேலகரத்தில் அவருக்கு ஓட்டு வீடு. பெண்டாட்டி செத்துப்போய் ஆறு வருஷமாகிறது. மகன் மணிமுத்து, இருபத்திநாலு வயசு, பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தென்காசிக்குக் காய்கறி ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மகள் சங்கரேஸ்வரிக்கு இருபத்திரண்டு. போலீஸ் செலக்‌ஷனில் எழுத்துப் பரீட்சை பாஸ் செய்துவிட்டாள். இன்னும் பத்து நாளில் ஓட்டம், நீளம் தாண்டுதல். அதையும் முடித்து, மெடிக்கல் பார்த்து, போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போய்விட்டால் காக்கிச்சட்டை. அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் பெண் போலீஸ் கிடையாது. டீக்கடை, ரேஷன் கடை, முடிவெட்டுகிற கடை என்று எல்லா இடத்திலும் சொரிமுத்து சொல்லி முடித்துவிட்டார். அதனால் இப்போது பயம்தான் அதிகம். ஊர்க் கண் முழுக்க அந்தப் பிள்ளை மேல் இருக்கிறது. ஏதாவது ஒன்று வந்து கெடுத்துவிடும் என்று அவருக்கு விடிந்து எழுந்ததிலிருந்து அதே நினைப்பு.

கெடுக்கிறவன் யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் கிடையாது. மணிமுத்துதான். மார்க்கெட்டுக்குப் போகிறவன், சேக்காளி, கூட்டாளி என்று நாலு பேர் உள்ளவன். தினமும் அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்ப்பார். வெங்காய வாடையும் டீசல் வாடையும் அடிக்கும். என்றாலும் மறுநாளும் மோந்து பார்ப்பார்.

மகள் அறைப் பக்கம் போகமாட்டார். வயசுப்பிள்ளை இருக்கிற அறை. கதவைச் சாத்திப் படிக்கிறாள் என்று மட்டும் தெரியும். சாரல் காற்று உள்ளே வராமல் இருக்கக் கதவின் அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்திருப்பாள். நல்ல புத்தி என்று நினைத்துக்கொள்வார். சாயங்காலமானால் சாம்பிராணி போடுவாள். தாய் இல்லாத வீட்டில் சாம்பிராணி மணக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கியதும் உண்டு.

ஆடி பிறந்த மறுநாள், திங்கட்கிழமை. மழையில் நனைந்த தார்ப்பாயை உலர்த்தலாம் என்று லோடு ஆட்டோவின் சீட்டைத் தூக்கினார். அடியில், செய்தித்தாளில் மடித்து ரப்பர் பாண்ட் போட்ட பொட்டலம். பிரிப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது, கஞ்சா. காய்ந்த இலை, காம்பு, இடையிடையே கடுகை விடக் கொஞ்சம் பெரிய விதை. தெருவில் யாரோ பைக்கை நிறுத்துகிற சத்தம். பொட்டலத்தை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, சீட்டை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பைக்கில் வந்தவன் எதிர்வீட்டுக்குப் போனான். அவன் போகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

மகனைக் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான், பிறகு உஷாராகிவிடுவான். இந்த ஊரில் தறுதலைப் பிள்ளைக்கு அப்பன்மார் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. தெரிந்த போலீஸ்காரர் யாரையாவது பிடித்து, வீட்டுக்கு வந்து ஒரு மிரட்டு மிரட்டிவிட்டுப் போங்கள் என்று கேட்பது. ஏட்டு நம்பிராஜன் செவ்வாய் தவறாமல் சொரிமுத்துவின் பலகையில் உட்காருகிறவர். மறுநாள் காலை அவர் தலையில் எண்ணெயை ஊற்றி, அருவிச் சத்தத்துக்கு மேல் கேட்காமல் அவர் காதுக்குள் மட்டும் விழுகிற மாதிரி விஷயத்தைச் சொன்னார். பொட்டலம் எண்ணெய்ப் பைக்குள் இருக்கிறது என்றும் சொன்னார்.

நம்பிராஜனின் பிடரி அவர் விரலுக்கடியில் இறுகியது.

"அதை என் கண்ணுல காட்டிராதீரும் அண்ணாச்சி. பாத்தா நான் எழுதணும். எழுதினா உம்ம வீட்டு அட்ரஸை எழுதணும். மவ செலக்‌ஷன்ல நிக்கா. நாளைக்கு வெரிஃபிகேஷனுக்கு எங்காளுதான் உம்ம வாசலுக்கு வருவான்."

இது சொரிமுத்துவுக்குத் தோன்றவே இல்லை. மகனைத் திருத்தப் போய் மகள் வேலையில் கல்லைப் போட இருந்தோமே என்று ஏட்டின் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பொட்டலத்தைத் தொலைத்துவிடச் சொன்னார் ஏட்டு. புதன்கிழமை மத்தியானம் மஃப்டியில் வந்து பையனை ஒரு தடவை கண்டித்துவிட்டுப் போகிறேன், அதற்கு மேல் என்னிடம் கேட்காதீரும் என்றும் சொன்னார்.

ஏட்டு போன பிறகு சொரிமுத்து ஆற்றுப் பாலத்துக்குப் போய், எண்ணெய்த் துணியைப் பிழிகிற மாதிரிக் குனிந்து, பொட்டலத்தை விட்டார். தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது. நிமிர்ந்தால், பாலத்தின் அந்தக் கோடியில் ஒரு பயல் செல்போனை இந்தப் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அருவியைத்தான் எடுக்கிறான் என்று புத்திக்குத் தெரிந்தது. என்றாலும் அன்று முழுவதும், எவன் செல்போனைப் பார்த்தாலும் அதற்குள் தன் முகம் இருப்பதாகவே இருந்தது அவருக்கு.

சங்கரேஸ்வரி அந்த நாலைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதிகாலை ஓட்டப் பயிற்சிக்கும் போகவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். சாரலில் ஊரே போர்த்திக்கொண்டு திரியும்போது அவளுக்கு நெற்றியில் வியர்வை. ஒரு வார்த்தை கேட்டால் எரிந்து விழுந்தாள். பரீட்சைப் பயம் என்று சொரிமுத்து நினைத்தார். பெண்பிள்ளைகளுக்கு உள்ள சமாச்சாரமாகவும் இருக்கும், அப்பன்காரன் கேட்கிற விஷயம் இல்லை என்று விட்டுவிட்டார்.

புதன்கிழமை நம்பிராஜன் சொன்னபடி வந்தார். கட்டம் போட்ட சட்டைதான். ஆனால் கிராப்பையும் பழுப்பு ஷூவையும் பார்த்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று சொரிமுத்து அவசரமாகக் கதவைச் சாத்தினார். மணிமுத்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தான். ஏட்டு நாற்காலியை அவனுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வண்டி சீட்டுக்கு அடியில் இருந்தது யாருடையது என்று ஒரே கேள்வி. மணிமுத்துவின் முகம் வெளிறியது. அவன் அப்பனைப் பார்க்கவில்லை. உள்ளறைக் கதவைப் பார்த்தான். பிறகு, என்னுடையதுதான் என்றான்.

சொரிமுத்து எட்டி அவன் கன்னத்தில் ஒன்று வைத்தார். தங்கச்சி வாழ்க்கையில மண்ணள்ளிப் போட வந்தியாலே என்று இன்னொன்று வைக்கப் போனவரை ஏட்டு கையால் தடுத்தார்.

"பீடில அடைப்பியா, பேப்பர்ல சுருட்டுவியா?"

"பீடில சார்."

"விதையை என்ன செய்வ?"

மணிமுத்து விழித்தான். "அதையும் சேத்துதான் சார்."

ஏட்டு அவன் கையைப் பிடித்து விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மிரட்டவும் இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றார். சங்கரேஸ்வரி செம்போடு வந்தாள். செம்பு விளிம்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டே வந்தது; கொடுக்கும்போது ஏட்டின் ஷூ மேல் சிந்தியது. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். அவ்வளவுதான். எழுந்து வெளியே போனார். இதென்ன கண்டிப்பு என்று சொரிமுத்துவுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பின்னாலேயே ஓடினார்.

பைக் பக்கத்தில் நின்று நம்பிராஜன் தாழ்ந்த குரலில் பேசினார்.

"விதையைப் பொறுக்காம பத்த வெச்சா டப்புனு வெடிச்சு மூஞ்சில அடிக்கும். அதுகூடத் தெரியல உம்ம மவனுக்கு. அவன் அதைத் தொட்டதே இல்ல. வீட்ல வேற யாரு இருக்கா?"

"வேற யாரும் இல்ல ஏட்டையா. நானும் அவனும்தான். பொறவு பிள்ளை."

நம்பிராஜன் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தார். சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிள்ளையை நாளைக்கே ஆஸ்பத்திரில காட்டும். நான் இங்கன வரல, ஒண்ணும் பாக்கல."

வண்டி திரும்பி மறைந்து வெகுநேரம் வரை சொரிமுத்து வாசலிலேயே நின்றார். என்ன சொல்லிவிட்டுப் போகிறான் இந்த மனுஷன்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நினைத்துவிட்டானா? அப்படித்தான் இருக்க வேண்டும். போலீஸ்காரன் புத்தி, எங்கே சுற்றினாலும் கடைசியில் யாரையாவது சந்தேகப்பட வேண்டும் அவனுக்கு. இப்படி எத்தனை சொல்லிக்கொண்டாலும், உள்ளே போகக் கால் எழவில்லை. கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் வேறு ஏதோ ஒரு வீடு இருக்கும் போல ஒரு பயம்.

போனார். மகள் அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குடித்த தண்ணீர் முழுவதும் வாந்தியாகத் தரையில் கிடந்தது. மணிமுத்து சாக்கைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பனைக் கண்டதும் அவன் எழுந்து அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"விலகுண்ணே," என்றாள் அவள். "எப்பா, அது என்னுது. நாலு நாளைக்கு முன்ன அவன் பாத்துட்டான். தூரப் போடுதேன்னு பிடுங்கிட்டுப் போனான். பயந்துகிட்டு வண்டிலயே வெச்சிருக்கான் கோட்டிக்காரப்பய."

சொரிமுத்துவின் வாயில் முதலில் வந்தது, எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான்.

ஊரில் யாருக்கும் தெரியாது என்று அவள் சொன்னாள். தென்காசியில் கோச்சிங் போனபோது கூடப் படித்த ஒரு பிள்ளை தூக்கம் வருவதற்காகக் கொடுத்தாளாம், பிறகும் அவளிடமே வாங்கினாளாம். பரீட்சை நெருங்க நெருங்கத் தூக்கமே இல்லாமல் போனதாம். முதலில் வாரத்துக்கு ஒன்று. மூன்று மாசத்துக்குள் தினமும் ஒன்று, பிறகு இரண்டு. அது இல்லாவிட்டால் சோறு இறங்காது, நெஞ்சு படபடக்கும், யாரோ பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும். நிறுத்திப் பார்த்தாளாம், முடியவில்லையாம். இதையெல்லாம் அவள் பாடம் ஒப்பிக்கிற மாதிரித் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"பொட்டப்பிள்ளை செய்யுத காரியமாட்டி இது? அவனுவ சேக்காளியோட சேந்து கெட்டுப் போவானுவ. நீ யாரோட சேந்த?"

"யாரோடயும் இல்லப்பா. அவனுவ நாலு பேரா ஆத்தங்கரைல இருந்து இழுப்பானுவ, சிரிப்பானுவ, போலீஸ் பிடிக்கும், வீட்ல அடிப்பாக, பாதிப் பேரு விட்டுருவானுவ. நான் கதவைச் சாத்திட்டு ஒத்தைல இழுத்தேன். என்னைய யாரு பிடிப்பா? நீங்க தெனமும் அண்ணன் சட்டையத்தான மோந்து பாத்தீக. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊரான் தலையத் தொட்டுச் சொல்லுவீகளே. வயசுக்கு வந்த நாள்லேருந்து என் தலையில நீங்க கை வெச்சிருக்கீகளா?"

சொரிமுத்து அடுப்படியை விட்டு வெளியே வந்து வேட்டியால் முகத்தைத் துடைத்தார். அவள் கதவடியில் சுருட்டிக் கிடந்த ஈரத்துண்டு கண்ணில் பட்டது. பார்க்காத மாதிரி நகர்ந்தார்.

மறுநாள் காலை மூன்று பேரும் லோடு ஆட்டோவிலேயே தென்காசிக்குப் போனார்கள். பஸ்ஸில் போனால் தெரிந்தவன் எவனாவது எங்கே என்று கேட்பான். வழியெல்லாம் சொரிமுத்துவுக்கு ஒரே யோசனை. டாக்டரிடம் போனால் சீட்டு எழுதுவார்கள். சீட்டில் பெயர் இருக்கும். எழுதின காகிதம் எங்கேயாவது போய்ச் சேராமல் இராது. வெரிஃபிகேஷன்காரன் கைக்குப் போகும், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் கைக்குப் போகும். ஆண்பிள்ளை என்றால் இரண்டு வருஷத்தில் ஊர் மறந்துவிடும். கஞ்சா இழுத்துக் கிடந்தவன் இன்றைக்குப் பேரன் எடுத்துக் கோயில் கமிட்டியில் இருக்கிறான். பெண்பிள்ளை என்றால் சாகும்வரை அதுதான் அடைமொழி. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்பதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மகனிடம் சொன்னார். மணிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சரி என்றான்.

மனநலப் பிரிவில் மேஜையின் பின்னால் நோட்டோடு உட்கார்ந்திருந்த நர்ஸ் கடையநல்லூர்க்கார அம்மாள். சட்டையில் ஹாஜரா பீவி என்று பெயர் குத்தியிருந்தது. யாருக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"மவனுக்கு. பேரு மணிமுத்து. வயசு இருவத்தி நாலு. கஞ்சா."

அந்த அம்மாள் வியப்படையவில்லை. தினம் நாலு அப்பன்கள் இதே வார்த்தையைச் சொல்லி நிற்கிற இடம் போலிருக்கிறது. எழுதிக்கொண்டே, எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, வாந்தி உண்டா, கை நடுக்கம் உண்டா என்று மணிமுத்துவைக் கேட்டாள். அவன் தங்கச்சியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னான். நர்ஸ் பேனாவை நிறுத்தினாள். பெஞ்சில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குகிற பெண்ணைப் பார்த்தாள்.

"மருந்து யாரு சாப்பிடப்போறது பெரியவரே? இந்தப் பையன் எடைக்கு எழுதுன மாத்திரைய அந்தப் பிள்ளை முழுங்கி ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீக?"

சொரிமுத்து பின்னால் திரும்பினார். வரிசையில் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தன் முகம் மேலகரத்தான் முகம் மாதிரி இருந்தது. இல்லை, இலத்தூரானோ. ஓடிப் போய்விடலாமா என்று இருந்தது அவருக்கு.

சங்கரேஸ்வரி எழுந்து வந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு சங்கரேஸ்வரி. வயசு இருவத்திரண்டு. எனக்குத்தான்."

நர்ஸ் பழைய பெயரின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். அந்தப் பேனா நகர்கிற சத்தம் சொரிமுத்துவுக்குக் கேட்டது. இந்த நோட்டு எந்த ஸ்டேஷனுக்கும் போகாது, பயப்படாதீர்கள் என்றாள். அவர் தலையாட்டினார். நம்பவில்லை.

உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்கு அவர் மகளை விடப் பத்து வயசுதான் கூட இருக்கும். பிள்ளையிடம் தனியாகப் பேசிவிட்டு அப்பனைக் கூப்பிட்டாள். இங்கே பத்துப் பையன் வந்தால் ஒரு பெண் வருகிறது, ஆனால் அந்த ஒன்று வரும்போது ஆழமாகப் போயிருக்கிறது என்றாள். பையனை ஊரே கண்காணித்து இழுத்து வந்துவிடுகிறது, பெண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை, அதுவும் சொல்வதில்லை. பழக்கம் சீக்கிரம் முற்றிவிடுகிறது, விடும்போது படுகிற பாடும் கூடுதல் என்றாள். சொரிமுத்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். அடுத்த வாரக் கடைசியில் ஓட்டம் இருக்கிறது. ஓடலாமா?

"இப்பச் சொல்ல முடியாதுங்க. ஒரு வாரமாவது இங்க இருக்கட்டும். இந்தத் தடவை போனா அடுத்த தடவை எழுதலாம். முதல்ல பிள்ளை தூங்கட்டும், சாப்பிடட்டும்."

அடுத்த தடவையாம். முப்பத்தைந்து வருஷம் கண்டவன் முதுகைத் தேய்த்து வளர்த்த பிள்ளை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் ஒங்க பொஸ்தகத்துல இருக்கும் தாயி. பொம்பளைப்பிள்ளைக்குத் தானா வாற பழக்கம் இல்ல இது. எவனோ பிள்ளைக்கு என்னமோ கலந்து குடுத்திருக்கான்."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் நிற்கவில்லை. வார்டில் சங்கரேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மணிமுத்து அவள் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். ஒருத்தர் கூட இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். நான் இருக்கிறேன் என்றான் அவன், இன்றைக்கு லோடு இருந்தும். மகள் அப்பனை நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள் போல. சொரிமுத்து, கதவைப் பூட்டாமல் வந்துவிட்டேன், போகிறேன் என்றார். பூட்டித்தான் வந்திருந்தார்.

கேட்டுக்கு வெளியே தூறல். இளநீர் வண்டிக்காரன், சீசனில் அருவிக்கரையில் கடை போடுகிறவன், இவரைத் தெரிந்துகொண்டு கூப்பிட்டான்.

"என்ன அண்ணாச்சி, ஆஸ்பத்திரில யாருக்கு?"

சொரிமுத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மவனுக்கு," என்றார்.

என்ன செய்கிறது என்று அவன் கேட்பதற்குள் தாண்டிவிட்டார். குற்றாலம் பஸ் ஹார்ன் அடித்தபடி மெதுவாக வந்தது. கண்டக்டர் கை காட்டியும் ஏறவில்லை. பஸ் நிறையத் தெரிந்த முகம் இருக்கும். எவனோ கலந்துதான் கொடுத்திருக்கிறான், இருபத்திரண்டு வயசுப் பிள்ளை அதுவாக எப்படிச் செய்யும், டாக்டருக்கு என்ன தெரியும், ஏட்டுக்கு என்ன தெரியும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, தூறலில் மேலகரம் ரோட்டில் நடந்துபோனார்.